முழங்கால் வலிக்கிறது என்று எம்.ஜி.யை விற்றுவிடலாமா?

கேள்வி: எனக்கு 71 வயது. மதுரையில் பிறந்து, 1981இல் இங்கிலாந்துக்கு வந்தவன். 1998இல், என் நாற்பத்து நான்காம் வயதில், 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் (துணிக்கூரை வைத்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கினேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஆசை தீர ஓட்டலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் இப்போது வருடத்துக்கு 600 மைல்கூட ஓடுவதில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் தோள் வலிக்கிறது. கிளட்ச்சை மிதித்தால் இடது முழங்கால் வலிக்கிறது. ஏறி இறங்கச் சிரமமாக இருக்கிறது என்று மனைவி என்னுடன் வருவதையே விட்டுவிட்டார். விற்றுவிடுங்கள் என்று மகள் சொல்கிறாள். 19 வயதுப் பேரனுக்கு இந்தக் காரின் மேல் கொள்ளை ஆசை, ஆனால் அவனுக்குக் காப்பீடு கிடைக்கவில்லை. விலையும் இறங்கிக்கொண்டே போகிறது என்கிறார்கள். வயதாகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு விற்றுவிடுவதுதான் சரியா?
– லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

ஐயா, உங்கள் கடிதம் முழுவதும் உங்கள் வயதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். எம்.ஜி.யின் அபிங்டன் தொழிற்சாலையை விட்டு 1972இல் வெளியே வந்த அந்த வண்டிக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அதன் வயதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் கடிதம் கிடைத்ததும் உங்களைத் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: கடைசியாக வண்டிக்கு அடியில் எப்போது படுத்தீர்கள்? சற்று யோசித்துவிட்டு, "முதுகு பிடித்துக்கொண்ட பிறகு இல்லை, ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும்" என்றீர்கள். உங்கள் தோள்வலிக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

எம்.ஜி.பி.யின் முன்சக்கரங்கள் கிங்பின் என்ற இரும்புத் தண்டைச் சுற்றித்தான் திரும்புகின்றன. இன்றைய கார்களில் இருப்பதுபோல மூடி முத்திரையிட்ட பால் ஜாயின்ட் அதில் கிடையாது. வெளியிலிருந்து நாம் கிரீஸ் அடித்தால்தான் உண்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனை), இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு. 3,000 மைலுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும் என்று கையேடு சொல்கிறது. அந்தக் காலத்தில் அது சில மாத ஓட்டம். நீங்கள் இன்று ஓட்டும் கணக்குக்கு 3,000 மைல் என்றால் ஐந்து வருடம்! மைலை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் எல்லாரும் விழும் பள்ளம் இது. கிரீஸுக்கு மைல் தெரியாது. நின்ற இடத்திலேயே காய்ந்து மெழுகு மாதிரி ஆகிவிடும், அதன் வழியே ஈரம் உள்ளே போகும், கிங்பின் இறுகும். இறுகிய கிங்பின்னோடு நிறுத்துமிடத்தில் வண்டியைத் திருப்பிப் பார்த்தால் முப்பது வயதுக்காரருக்கும் தோள் வலிக்கும்.

என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். முதுகுவலி வந்தது, அடியில் படுப்பது நின்றது. கிரீஸ் நின்றது, ஸ்டீயரிங் கனத்தது. கனத்ததும் எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தீர்கள், ஓட்டுவதைக் குறைத்தீர்கள். ஓட்டம் குறையக் குறைய வண்டி இன்னும் இறுகியது. என் பட்டறைக்கு வரும் அறுபது, எழுபது வயதுக்காரர்களில் பெரும்பாலானோர் இந்தச் சுழலில்தான் மாட்டியிருக்கிறார்கள். தங்களுக்கு ஆன வயதையும் வண்டிக்கு ஆன வயதையும் ஒன்றாகக் கூட்டி, மொத்தத்தையும் தங்கள் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறார்கள். முதலில் அதைப் பிரித்துப் பார்ப்போம். விற்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஸ்டீயரிங்குக்கு ஒரு சோதனை. வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு சக்கரமும் அந்தரத்தில் இருக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். (இதை நீங்கள் செய்ய வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.) அப்போதும் கனமாக இருந்தால் கிங்பின்னிலோ ஸ்டீயரிங் ரேக்கிலோ கோளாறு. அந்தரத்தில் விரலால் திருப்ப முடிந்து, தரையில் மட்டும் கனத்தால் டயரைப் பார்க்க வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு விஷயங்கள் என் கண்ணில் பட்டன. ஒன்று, வண்டியோடு வந்த பெரிய ஸ்டீயரிங் வீலைக் கழற்றிவிட்டுத் தோல் சுற்றிய சின்ன வீல் ஒன்றை மாட்டியிருக்கிறீர்கள். பார்க்க அழகுதான். ஆனால் வட்டம் சிறுத்தால் நெம்புகோல் சிறுக்கிறது, அந்தப் பளு நேராகத் தோளுக்கு வருகிறது. பழைய வீல் பரணில் இருந்தால் இறக்கி மாட்டுங்கள். இரண்டாவது, டயர் அகலமாகத் தெரிகிறது. இந்த வண்டிக்கு 165 மில்லிமீட்டர் அகலம் போதும். 185 போட்டால் திருப்புவது கனக்கும், வேறு பெரிய லாபம் இல்லை.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1112 என்று இருந்தால் 2012ஆம் ஆண்டின் பதினொன்றாவது வாரத்தில் செய்தது. 600 மைல் ஓடும் வண்டியில் டயரின் பட்டன் தேயவே தேயாது, புதிதுபோலவே இருக்கும். ஆனால் ரப்பர் கல்லாகியிருக்கும், மழையில் பிடிப்பு இருக்காது. பத்து வருடம் தாண்டிய டயரை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நான் வண்டியில் விட்டுவைப்பதில்லை.

இத்தனையும் சரிசெய்த பிறகும் தோள் ஒத்துழைக்காவிட்டால் மின்சார பவர் ஸ்டீயரிங் பொருத்தலாம். எம்.ஜி.பி.க்கென்றே தயாராக விற்கிறார்கள். டாஷ்போர்டுக்கு அடியில் மறைவாக உட்கார்ந்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. பழைய வண்டியில் புதுச் சாமான் சேர்ப்பதை ஒரு காலத்தில் நானும் பாவமாகத்தான் நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. அசல் நிலையில் கொட்டகைக்குள் நிற்கும் வண்டியைவிட, மோட்டார் வைத்த ஸ்டீயரிங்கோடு சாலையில் போகும் வண்டிதான் எனக்குப் பிடிக்கிறது. கழற்றிய பழைய ஸ்டீயரிங் தண்டை மட்டும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்துவிடுங்கள், பின்னால் வருபவர் வேண்டுமென்றால் மாட்டிக்கொள்ளட்டும்.

அடுத்து முழங்கால். இந்த வண்டியின் கிளட்ச் ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. அதன் ரப்பர் குழாய் வயதாகி உள்ளுக்குள் ஊதிவிட்டாலும், மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் ஒட்டிக்கொண்டாலும் பெடல் கனக்கும். பெடலையும் சிலிண்டரையும் இணைக்கும் பின் தேய்ந்து, ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால், பாதி மிதி வீணாகப் போகும், நீங்கள் இன்னும் ஆழமாக மிதிப்பீர்கள். எல்லாமே சின்னச் சாமான்கள், எளிதில் கிடைப்பவை. ஒரு பழக்கத்தையும் மாற்றிப் பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது கிளட்ச்சை மிதித்தபடியே காத்திருக்காமல், நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, காலை எடுத்துவிடுங்கள். இந்த வண்டியின் கிளட்ச் பேரிங் கார்பனால் ஆனது. மிதித்துக்கொண்டே இருந்தால் பென்சில் முனைபோலத் தேயும். காலை எடுத்தால் அதற்கும் நல்லது, உங்கள் மூட்டுக்கும் நல்லது. பிறகும் வலித்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டியது, என் வேலை அங்கே முடிகிறது. எப்படியும் கிளட்ச் கூடாது என்று அவர் சொன்னாலும் எம்.ஜி.பி.யே கூடாது என்று ஆகிவிடாது. 1967 முதல் 1973 வரை இதே காரில் ஆட்டோமேட்டிக் கியரும் கூடுதல் வசதியாகக் கொடுத்தார்கள். ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆட்டோமேட்டிக்கா என்று அன்று பலர் ஒதுக்கியதால் குறைவாகவே விற்றது. தேடித்தான் பிடிக்க வேண்டும், ஆனால் இருக்கிறது.

உங்கள் மனைவியைப் பற்றி எழுதியிருந்த வரியைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். இருபத்தைந்து வருடம் பக்கத்து இருக்கையில் இருந்தவர் வராமல் போனால் வண்டியை எடுக்கும் ஆசை உங்களுக்கே குறைந்திருக்கும். அவருக்காகச் சிலவற்றைச் செய்து பாருங்கள். நடைபாதை ஓரமாக ஒட்டி நிறுத்தாதீர்கள். உயரத்தில் நின்றுகொண்டு தாழ்ந்த இருக்கையில் உட்காருவது இன்னும் கஷ்டம். சற்றுத் தள்ளி நிறுத்தி, அவர் சாலை மட்டத்தில் நிற்கட்டும். துணிக்கூரையைத் திறந்துவிட்டு, இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளுங்கள். முதலில் காலை உள்ளே நீட்டக் கூடாது. வண்டிக்கு முதுகு காட்டி நின்று, இருக்கையில் உட்கார்ந்த பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இருக்கையில் வழுக்கும் துணி ஒன்றைப் போட்டால் திரும்புவது சுலபம். உட்கார்ந்ததும் துணியை உருவிவிடலாம். என் வாடிக்கையாளர் ஒருவரின் மனைவி பழைய பட்டுத் துண்டு ஒன்றை இதற்கென்றே கையுறைப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறார். சீட் பெல்ட் பழைய நிலையான வகையாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். தோளைப் பின்னால் வளைத்து அதைத் தேடி எடுப்பது வயதானவர்களுக்குப் பெரிய தொல்லை. தானே சுருளும் பெல்ட் போட்டுவிட்டால் இழுத்து மாட்டினால் போதும்.

கூரையைப் பற்றியும் ஒன்று. குளிர்நாளில் வினைல் விறைத்து, பட்டன்கள் அரை அங்குலம் எட்டாமல் நிற்கும். அதை இழுத்து மாட்டப் போய் விரல் மூட்டுகளை நோகடித்துக்கொள்ளாதீர்கள். வெயிலில் அரைமணி நேரம் நிறுத்தினால் தானாக இளகும்.

இதுவரை சொன்னதெல்லாம் வண்டியின் வயது. உங்கள் வயது என்று நான் உண்மையாகவே எண்ணுவது இரண்டு. ஒன்று கண். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறைகிறது, எதிர்வெளிச்சம் பட்டால் பார்வை தெளிய நேரமாகிறது. எம்.ஜி.பி.யோ தரையோடு தரையாக ஓடும் வண்டி. எதிரே வரும் பெரிய எஸ்.யு.வி.யின் எல்.இ.டி. விளக்கு உங்கள் கண்மட்டத்தில்தான் அடிக்கும். உங்கள் விளக்கோ ஐம்பது வருடத்துக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சம். இருட்டிய பிறகு இந்த வண்டியை எடுக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 70இல் உரிமம் புதுப்பித்தபோது பார்வை சரியாக இருக்கிறது என்று டி.வி.எல்.ஏ.வுக்கு (உரிமம் கொடுக்கும் அரசு அலுவலகம்) நீங்களேதான் உறுதி சொல்லியிருப்பீர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அது வரும். அதற்காகக் காத்திருக்காமல் வருடம் ஒருமுறை கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் எண்பலகையைப் படிக்க முடிகிறதா என்று அவ்வப்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, சுதாரிக்கும் வேகம். அது குறையும்போது பிரேக் அதை ஈடுகட்ட வேண்டும். 1972 வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் சர்க்யூட். ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். ஆகவே ரப்பர் குழாய்களைப் புதிதாக மாற்றுங்கள், பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். பிரேக் மிதிக்குத் துணைபலம் கொடுக்கும் சர்வோ இல்லையென்றால் பொருத்திவிடுங்கள். மிதிக்கும் பலம் பாதியாகக் குறைந்ததுபோல இருக்கும்.

நாற்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்.ஓ.டி. எனும் வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. நீங்களும் அன்றிலிருந்து போகவில்லை என்றீர்கள். நீங்கள் அடியில் படுப்பதை நிறுத்தியதும் ஏறக்குறைய அப்போதுதான். அதாவது இத்தனை வருடமாக அந்த வண்டியின் அடிப்பக்கத்தை எந்த மனிதக் கண்ணும் பார்க்கவில்லை! எம்.ஜி.பி.க்குத் தனிச் சட்டகம் கிடையாது, பாடியேதான் எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்ற இரும்புப் பகுதிதான் முதுகுத்தண்டு. அது உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் மினுங்கிக்கொண்டே இருக்கும். சில் போன வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கினால் நடுவில் தொய்ந்து, கதவின் மேல்விளிம்பில் உள்ள இடைவெளி கண்முன்னே சுருங்கும். கட்டாயம் இல்லாவிட்டாலும் வருடம் ஒருமுறை நீங்களாகவே எம்.ஓ.டி.க்குக் கொண்டுபோங்கள். உங்கள் முதுகுக்குப் பதிலாக அந்தச் சோதனைக்காரரின் கண் வேலை செய்யட்டும்.

பேரன் விஷயத்துக்கு வருகிறேன். காப்பீடு கிடைக்காதது அவன் தப்பில்லை. கிளாசிக் காப்பீடு கொடுக்கும் நிறுவனங்கள் பலவும் 25 வயது ஆகாதவர்களை எடுக்கத் தயங்கும். காப்பீட்டைப் பற்றிக் கவலைப்படும் முன் அவனிடம் ஒன்று கேளுங்கள்: எந்த உரிமம் வாங்கியிருக்கிறான்? இப்போது நிறையப் பிள்ளைகள் ஆட்டோமேட்டிக் காரிலேயே ஓட்டுநர் தேர்வு எழுதிவிடுகிறார்கள். அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு கிளட்ச் உள்ள வண்டியை ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. அப்படியிருந்தால், உங்கள் வண்டிக்காகவே அவன் இன்னொரு தேர்வு எழுதட்டும். ஆசை எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும்.

காப்பீடு கிடைக்கும்வரை ஓட்ட முடியாது, சரி. கற்றுக்கொள்ளத் தடையில்லையே. நான் திருச்சியில் 16 வயதில் பட்டறையில் சேர்ந்தபோது எனக்கும் உரிமம் கிடையாது. இரண்டு வருடம் அம்பாசடரின் கீழேயே கிடந்தேன். அந்த 1489 சிசி இன்ஜினும் உங்கள் எம்.ஜி.பி.யின் 1798 சிசி இன்ஜினும் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) செய்த ஒரே பி சீரிஸ் குடும்பம், அண்ணன் தம்பி மாதிரி. பர்மிங்காமில் முதல்முறை ஒரு எம்.ஜி.பி.யின் பானெட்டைத் திறந்தபோது, ஊரில் பிரிந்த சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே, டைனமோ எங்கே என்று கை தானாகப் போனது. அந்தப் பழக்கம் ஓட்டி வந்ததில்லை, அடியில் கிடந்து வந்தது. குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப இழுக்கும் சோக் என்றால் என்னவென்றே பேரனுக்குத் தெரிந்திருக்காது. எவ்வளவு இழுக்க வேண்டும், எப்போது பாதி உள்ளே தள்ள வேண்டும் என்பதை உங்கள் காதும் கையும் அறியும். அது எந்தக் கையேட்டிலும் இல்லை. பெட்ரோல் விஷயத்தையும் சொல்லிக்கொடுங்கள். 2021 செப்டம்பருக்குப் பிறகு சாதாரணப் பம்ப்பில் வருவது இ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் குழாய்க்கு அது ஆகாது. விலை கூடினாலும் எத்தனால் குறைந்த இ5 போடுங்கள்.

விலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பெரிதாக ஏறும் என்று காத்திருக்காதீர்கள். இளம்வயதில் எந்தக் காரைப் பார்த்து ஏங்கினோமோ அதைத்தான் கையில் காசு வந்ததும் வாங்குகிறோம். எம்.ஜி.பி.யைப் பார்த்து ஏங்கிய தலைமுறைக்கு இப்போது எழுபது. அவர்கள் விற்கிறார்கள். இன்று ஐம்பது வயதில் என்னிடம் வருபவர்கள் 1989இல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5ஐப் பற்றிக் கேட்கிறார்கள். போதாததற்கு எம்.ஜி.பி. அபூர்வமான வண்டியும் அல்ல. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். ஆனால் அதனால்தான் உங்களுக்கு எந்தச் சாமானும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. 1988இலிருந்து பாடியையே முழுதாகப் புதிதாகச் செய்து விற்கிறார்கள், எல்லாப் பழைய காருக்கும் அந்தக் கொடுப்பினை கிடைக்குமா? விலை இறங்கினால் இழப்பு விற்பவருக்குத்தான்.

ஆனாலும் ஒருநாள் விற்க வேண்டிவரும். அந்த நாளை நீங்களே தேர்ந்தெடுங்கள். என் வாடிக்கையாளர் ஒருவர், எண்பதைத் தாண்டியும் விற்க மனமில்லாமல் வண்டியைக் கொட்டகையிலேயே நிறுத்திவிட்டார். ஆறு வருடம் கழித்து, அவர் காலமான பிறகு, அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டார். பிரேக் சக்கரத்தோடு ஒட்டியிருந்தது. டேங்குக்குள் பெட்ரோல் இருந்த இடத்தில் பழுப்பு வண்டல். இருக்கைக்குள் எலிக்கூடு. அவர் முப்பது வருடமாகச் செய்த வேலைகளின் ரசீதுகள் எங்கேயோ இருந்தன, எங்கே என்று அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. டிரெய்லரில் ஏற்றும்போது அவர் வாசலுக்கு வரவில்லை. பாதி விலைக்குக்கூடப் போகவில்லை அந்த வண்டி. விற்பதானால் வண்டி ஓடும்போது, வாங்க வந்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்ட முடியும்போது விற்க வேண்டும். நான் உங்களுக்கு வைக்கும் எல்லைக்கோடு இதுதான்: எல்லாவற்றையும் சரிசெய்த பிறகு, ஒரு கோடைக்காலம் முழுவதும் பகலில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் சாவியை எடுக்கும்போது ஆசையைவிடப் பயம் அதிகமாக இருந்தால் அந்த இலையுதிர் காலத்திலேயே விற்றுவிடுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

ரசீதுகளையும் வி5சி பதிவுத்தாளையும் ஒரே கோப்பில் வைத்து, எங்கே இருக்கிறது என்று மகளிடம் சொல்லிவிடுங்கள். வி5சி உரிமைக்குச் சான்று ஆகாது, அதில் இருப்பது வண்டியை வைத்திருப்பவரின் பெயர் மட்டும்தான். ஆகவே 1998இல் வாங்கிய ரசீதும் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை வண்டியோடு பட்டறைக்கு வாருங்கள், பேரனையும் கூட்டி வாருங்கள். லிஃப்டில் ஏற்றி நிற்கவைத்துவிடுவேன், யாரும் தரையில் படுக்க வேண்டியதில்லை. கிரீஸ் துப்பாக்கியை அவன் கையில் கொடுத்து, ஆறு நிப்பிளையும் நீங்கள் காட்டுங்கள். பழைய கறுப்புக் கிரீஸ் பிதுங்கி வெளியே வந்து, அதன் பின்னால் புதுக் கிரீஸ் தலைகாட்டும் வரை அவன் அழுத்தட்டும். அப்புறம் வண்டியை இறக்கி, நீங்கள் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து தோள் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.